ஏழு முத்திரைக் காசுகளும் ஒரு பாட்டில் ஹைப்போவும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்காம் எண் காசில் மலைமேல் பிறை தெரிந்தது. மூன்று வளைவுகள் சேர்ந்த சின்ன மலை, அதன் உச்சியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பிறை. மௌரியர் காலத்து வெள்ளி முத்திரைக் காசு அது, சின்னங்களை ஒவ்வொன்றாக அடித்துப் பதித்த வகை, 2,200 வருஷங்களுக்குக் குறையாத வயசு. வாங்கும்போது அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மெழுகு உருகி ஒட்டியது போல ஒரு படலம்தான் இருந்தது. அதை எடுக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அதற்குள் ஒரு காசை வெளிறடித்தேன், இன்னொன்றை இரண்டாக உடைத்தேன். பழைய வெள்ளிக் காசு கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் எண் காசின் கதை இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எங்கள் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை அம்மா விபூதி போட்டுத்தான் துலக்குவார். கொஞ்சம் ஈரத்துணி, கொஞ்சம் விபூதி, பத்து நிமிஷத்தில் பளபளப்பு வந்துவிடும். வெள்ளி என்றால் வெள்ளிதானே என்று முதன்முதலாக வாங்கிய முத்திரைக் காசையும் அப்படியே தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. அதை ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் ஆசையோடு காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, தோலை உரிச்சிட்டீங்களே" என்றார். லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். காசு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். சூரிய முத்திரையின் கதிர் நுனிகள் மழுங்கியிருந்தன. ஓரத்தில் நாணய மாற்றுக்காரர்கள் அடிக்கும் சிறு முத்திரை ஒன்று இருந்தது என் நினைவில் இருக்கிறது. இப்போது அங்கே ஒரு பள்ளம் மாதிரி மட்டும் தெரிகிறது.

விளக்கை வருஷாவருஷம் துலக்கலாம், அது புழங்குகிற பொருள். காசின் மேல்பரப்பில் இருப்பது அப்படியில்லை. இந்தக் காசுகளில் எழுத்து கிடையாது, ராஜா பெயர் கிடையாது. ஐந்து முத்திரைகளும், எடையும், பின்பக்கத்துச் சிறு குறிகளும்தான் மொத்தச் சான்று. கணிதப் பேராசிரியரான டி.டி. கோசாம்பி தட்சசீலத்துப் புதையல் காசுகளை ஆயிரக்கணக்கில் எடை போட்டார். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு எடை குறையும், பின்பக்கக் குறிகள் கூடும் என்ற கணக்கை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். இதைப் படித்த பிறகு, தேய்த்துக் கழுவி நான் சாக்கடையில் விட்டது வெறும் அழுக்கு இல்லை என்று புரிந்தது.

சரி, இந்த முறை வாங்கியது ஆறு காசுகள். நாணயக் கண்காட்சி ஒன்றில், ரசீதோடு, மொத்தம் 5,400 ரூபாய். எண் 2 முதல் 7 வரை. ரசீதை ஏன் சொல்கிறேன் என்றால், மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த காசு வேறு விஷயம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, புதைந்து கிடந்து எடுத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் கிடைத்த காசை யாரும் கழுவவே கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணும், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதும் காசின் அளவுக்கே முக்கியம். 2021இல் கீழடியில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்ததே, அது எந்தக் குழியில் எந்த மட்டத்தில் கிடைத்தது என்று தெரிவதால்தான் அதற்கு அவ்வளவு பேச்சு. என் கையில் இருக்கும் ஆறுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை, மண்ணைவிட்டு என்றைக்கோ பிரிந்தவை.

முதல் வாரம் எதையும் தொடவில்லை. எடை போட்டேன், படம் எடுத்தேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு 600 ரூபாய், பத்து மடங்கு லென்ஸ் 350. இந்தக் காசுகளின் நிறை 32 ரத்தி என்று கணக்கு. ரத்தி என்பது நம் குன்றிமணிதான், 32 குன்றிமணி ஏறக்குறைய மூன்றரை கிராம் வரும். வெள்ளித் தகட்டைப் பட்டையாக வெட்டி, பட்டையைத் துண்டாக்கி, எடை கூடினால் மூலையை நறுக்கிச் சரிசெய்து, அதற்குப் பிறகு முத்திரை அடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றுகூட வட்டமாக இருக்காது. ஆறும் 3.2 முதல் 3.5 கிராமுக்குள் இருந்தன.

படம் எடுக்கும்போதுதான் இந்த ஏழு வாரத்தின் மிகப் பெரிய பாடம் கிடைத்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜையோடு படுக்கவைத்து அடித்தேன். நேர் வெளிச்சத்தில் கரிக்கட்டி மாதிரி இருந்த மூன்றாம் எண் காசில் சூரியன், ஆறு கரச் சின்னம், வேலிக்குள் மரம் எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. டார்ச்சைச் சுற்றிச் சுற்றி எட்டுத் திசையிலிருந்து எட்டுப் படம் எடுத்தேன். ஐந்து முத்திரையும் படிக்க முடிந்தது. இந்தக் காசை எதற்குக் கழுவ வேண்டும்? அதன் கறுப்பு சீரான சில்வர் சல்பைடு (வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது), மெல்லியது, கெட்டியானது, கீழே உள்ள வெள்ளிக்கு ஒரு கேடும் செய்யாது. மேடான இடத்தில் லேசாகத் தேய்ந்து பள்ளத்தில் கறுப்பாக நிற்பதால் முத்திரைகள் இன்னும் நன்றாகவே தெரிகின்றன. மூன்றாம் எண்ணை அன்றே காகித உறையில் போட்டு மூடிவிட்டேன். செலவு ஒன்றும் இல்லை.

மற்ற ஐந்தில் இரண்டாம் எண்ணை மட்டும் தனியாக வைத்துவிட்டு, மீதி நான்கையும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டேன். பேட்டரிக்கு ஊற்றுவதுதான், ஐந்து லிட்டர் கேன் 120 ரூபாய். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வேண்டாம், அதில் இருக்கும் குளோரைடு வெள்ளிக்கு ஆகாது. ஒவ்வொரு காசுக்கும் தனிக் கண்ணாடிக் கிண்ணம், கீழே எண் எழுதிய சீட்டு. நான்கு நாள், தினமும் தண்ணீர் மாற்றம். முதல் இரண்டு நாள் அடியில் செம்மண் வண்டல் தங்கியது. மூன்றாம் நாள் இரண்டு பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நுரையில் குழந்தைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றியெடுத்தேன். தேய்க்கவில்லை, குத்திக் குத்தி எடுப்பதுதான். எங்கள் தெரு ஆசாரி நகை கழுவ இதைத்தான் வைத்திருக்கிறார். அவர் இன்னொரு விஷயமும் சொல்லிக்கொடுத்தார்: "புளிப்பு எதுல போட்டாலும் இரும்பு இடுக்கியை மட்டும் உள்ள விடாதீங்க சார், செம்பு ஏறி வெள்ளி சிவந்துபோயிடும்." அதனால் முழுக்க பிளாஸ்டிக் இடுக்கிதான்.

தனியாக வைத்த இரண்டாம் எண்ணின் மேல் பச்சையாக, தொட்டால் பிசுபிசுப்பாக ஒரு பூச்சு. செம்புக் களிம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். களிம்பு விரலில் ஒட்டாது, இது ஒட்டியது. பழைய ஆல்பங்களின் பிவிசி உறை வருஷக்கணக்கில் விடும் பசை அது. தண்ணீருக்கு அசையாது. அசிட்டோனில் பத்து நிமிஷம் போட்டதும் கரைந்து போனது, இரண்டாவது முறை புது அசிட்டோன், அவ்வளவுதான். 500 மில்லி 180 ரூபாய். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு இல்லாத அறையில், கண்ணாடிப் பாத்திரத்தில் செய்ய வேண்டும். சில பிளாஸ்டிக் கிண்ணங்களை அசிட்டோன் அப்படியே கரைத்துவிடும். வெள்ளியை அது தொடுவதே இல்லை. அடியில் இருந்த அழகான சாம்பல் கறுப்பு அப்படியே நின்றது. அது முடிந்ததும் எனது பழைய ஆல்பங்களையும் பிரித்து எல்லாக் காசுகளையும் வெளியே எடுத்தேன்.

இனி ஐந்தாம் எண். இங்கேதான் தப்பு.

அதன் ஒரு பாதியில் செம்புப் பச்சை, மறு பாதியில் அந்தச் சாம்பல் மெழுகுப் படலம். பச்சைக்கு எலுமிச்சை, மெழுகுக்கு ஹைப்போ (ஃபிலிம் கழுவப் பயன்பட்ட உப்பு) என்று திட்டம் போட்டேன். ஒரு பழத்தின் சாறில் 20 நிமிஷம் போட்டதும் பச்சை இளகியது, அதுவரை சரி. அடுத்து, சாறு கொஞ்சம் அடியில் தங்கியிருந்த அதே கிண்ணத்தில் ஹைப்போக் கரைசலை ஊற்றினேன். அவசரம்தான் காரணம், வேறு கிண்ணம் கழுவிவைத்திருக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் கரைசல் மோர் மாதிரி வெளுத்தது. தீக்குச்சி கிழித்த வாசனை வந்தது. அழுக்குக் கரைகிறது என்று நினைத்து அரை மணி நேரம் விட்டுவைத்தேன். எடுத்துப் பார்த்தால் காசு முழுக்க அடுப்புக்கரி பூசியது போலக் கன்னங்கறுப்பு.

ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். புளிப்புப் பட்டால் அது உடைந்து கந்தகமாக வெளியே வரும், அந்த வெள்ளை அதுதான். கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். எலுமிச்சையும் ஹைப்போவும் ஒரே கிண்ணத்தைப் பார்க்கவே கூடாது.

பதற்றத்தில் இரண்டாவது தப்பையும் செய்தேன். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, காசை அதன்மேல் வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளிக் கொலுசுக்குப் பலரும் செய்வதுதான். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் கீழே வந்தது வெள்ளியின் முகம் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வெளிறல். லென்ஸில் பார்த்தால் பரப்பு பஞ்சு போலப் பொடிப்பொடியாக இருந்தது. கறுப்பில் இருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாக மாறிப் படிந்திருக்கிறது, ஆனால் பழைய இடத்தில் பழைய இறுக்கத்தோடு இல்லை. கொலுசு என்றால் மெருகு போட்டுச் சரிசெய்யலாம். இதில் முத்திரையின் விளிம்புகள் பனி மூடினது போல இருக்கின்றன. ஐந்தில் நான்கு முத்திரைகளைப் படிக்கலாம். அடுத்த முறை செம்புப் பச்சை முத்திரையை மறைக்காத இடத்தில் இருந்தால் அதை விட்டுவிடுவேன். அது கெட்டியாக, பொடி உதிராமல் இருந்தால் அவசரம் ஒன்றும் இல்லை.

ஆறாம் எண்ணை உடைத்தது அதற்கு அடுத்த வாரம். மருந்து எதுவும் வேண்டாம், முள்ளால் மட்டும் எடுப்போம் என்று உட்கார்ந்தேன். ஊசியோ பிளேடோ வெள்ளியைக் கீறும். கருவேல முள் படலத்தைவிடக் கடினம், வெள்ளியைவிட மெது. எலுமிச்சை முள்ளும் நன்றாக வேலை செய்கிறது, நுனி சீக்கிரம் மழுங்கும், ஒரு உட்காரலுக்குப் பத்துப் பன்னிரண்டு முள் வேண்டும். காசை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஓரத்தில் லேசாக நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பலமாக அழுத்தவே இல்லை. அப்பளம் ஒடிகிற அளவு அழுத்தம்கூட இருந்திருக்காது.

உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். புது வெள்ளிக் கம்பியை வளைத்தால் வளையும், ஒடிந்தாலும் இழுபட்டு ஒடியும். இது கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னியது. வெள்ளியில் கலந்திருக்கும் செம்பு பல நூறு வருஷத்தில் உள்ளுக்குள் மெல்லப் பிரிந்து மணிகளின் எல்லையில் சேருகிறது, அந்த எல்லை வழியாக அரிப்பும் இறங்குகிறது. வெளியே முழுசாகத் தெரியும் காசு உள்ளே பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். பழைய வெள்ளியை மேஜையில் போட்டுச் சத்தம் பார்க்காதே, அதிர்வு மெஷினில் கழுவாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். முதல் வாரம் எடுத்த படத்தைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டு வெளிச்சப் படத்தில் அந்த விரிசல், மயிரிழையாக, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் இருந்தது. பார்க்க வேண்டியதை வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு துண்டையும் ஒட்டவில்லை. உடனடிப் பசை போட்டால் பிறகு பிரிக்க முடியாது, உடைந்த முகத்தில் தெரியும் மணிகளும் மறைந்துவிடும். ஒரே உறையில், நடுவில் காகிதம் வைத்து, இரண்டு துண்டின் எடையையும் எழுதிவைத்திருக்கிறேன்: 1.98, 1.29.

இத்தனைக்கும் பிறகு நான்காம் எண்ணுக்கு வந்தேன். முதலில் விரிசல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் விளிம்பும் லென்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தேன். இல்லை. அந்தச் சாம்பல் படலம் சில்வர் குளோரைடு என்ற வெள்ளி உப்பு என்பதை ஓரத்தில் முள்ளால் அழுத்திச் சோதித்தேன், மெழுகில் பதிவது போலத் தழும்பு விழுந்தது. வெளிச்சத்தில் வைத்திருந்தால் ஊதாச் சாயல் காட்டும். முன்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் கொஞ்சம். டார்ச் வெளிச்சத்தால் எட்டிப்பார்க்க முடியாத தடிமன்.

ஹைப்போ அரைக் கிலோ 90 ரூபாய், கெமிக்கல் கடையில். ஃபிலிம் கழுவிய காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் வாங்கியது, இப்போது மீன் தொட்டிக்காரர்கள் வாங்குகிறார்கள். ஃபிலிமில் அது செய்த வேலையும் இதுதான், வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது. 100 மில்லி டிஸ்டில்டு வாட்டருக்கு 10 கிராம். புதுக் கிண்ணம், லிட்மஸ் தாளில் புளிப்பு இல்லை என்று பார்த்த பிறகு. காசின் அடியில் மடித்த பருத்தித் துணி, கையில் பிடிப்பதே இல்லை.

பத்து நிமிஷம் ஊறல். எடுத்து இரண்டு முறை அலசல். துணிமேல் வைத்து, இளகிய இடத்தை மட்டும் முள்ளின் பக்கவாட்டால் தள்ளல். பிறகு ஒரு நாள் முழுக்க டிஸ்டில்டு வாட்டரில் ஓய்வு. மறுநாள் அடுத்த பத்து நிமிஷம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் போடாததற்குக் காரணம், ஹைப்போவிலேயே நீண்ட நேரம் கிடந்தாலும் கறுக்கும் என்பதுதான். மூன்றாம் நாள் படலம் தயிரின் மேல் ஆடை மாதிரி ஓரத்தில் சுருண்டது. நான்காம் நாள் மலையின் இடது வளைவு. ஐந்தாம் நாள் ஒன்றும் பெரிதாக நகரவில்லை, கை பரபரத்தது, கரைசலைக் கெட்டியாக்கலாமா என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஆறாம் நாள்தான் ஞாயிறு. முள்ளின் நுனியில் ஒரு சாம்பல் செதில் ஏறி வந்தது, அது இருந்த இடத்தில் பிறை. அதன் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. அங்கே நிறுத்தினேன். பின்பக்கத்தைத் தொடவே இல்லை, அதிலிருந்த ஒற்றை முத்திரை முன்பே தெளிவாகத்தான் இருந்தது.

ஊறவைத்து மண் போன பிறகு அதன் எடை 3.36 கிராம். முடிந்தபோது 3.21. போன 0.15 கிராமும் சில்வர் குளோரைடு என்று கொண்டால் அதில் முக்கால் பங்கு வெள்ளி, அதாவது 0.11 கிராம். ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. முப்பத்திரண்டில் ஒன்றை நான் கரைத்து எடுத்திருக்கிறேன். அந்த வெள்ளி எப்போதோ உப்பாக மாறிவிட்டதுதான், ஆனாலும் காசின் வெள்ளி. அருங்காட்சியகங்களில் அந்தப் படலத்தைக் கரைக்காமல், அது இருக்கும் இடத்திலேயே வெள்ளியாகத் திருப்பும் டைதயோனைட் முறை ஒன்று உண்டு. காற்றுப் புகாத பாத்திரமும் கைப்பழக்கமும் வேண்டிய வேலை அது, வீட்டு மேஜையில் நான் முயலமாட்டேன். உறையின் மேல் இரண்டு எடையையும் எழுதி, "ஹைப்போ 10%, 6 x 10 நிமிஷம்" என்றும் குறித்திருக்கிறேன். நாளைக்கு யாராவது இதை எடை போட்டுக் கணக்கு வைத்தால் அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

கடைசி அலசல் மூன்று நாள், தினமும் புதுத் தண்ணீர். பிறகு அசிட்டோனில் ஒரு முக்கு, நிழலில் உலர்த்தல். மெருகும் இல்லை, எண்ணெயும் இல்லை. ரப்பர் பேண்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, அதில் கந்தகம் இருக்கிறது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி, எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

லிட்மஸ் தாள் 80, பிரஷ் 45. தராசு, லென்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 1,465 ரூபாய். மறுபடி தொடங்கினால் முதல் செலவாக ஒரு மொபைல் ஸ்டாண்ட் வாங்குவேன். கையில் பிடித்து எடுத்ததால் ஒவ்வொரு படத்திலும் காசின் அளவு மாறியிருக்கிறது, முன்னும் பின்னும் ஒப்பிடக் கஷ்டமாக இருக்கிறது. காசுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைக்கவும் பாதி நாள் மறந்திருக்கிறேன். எந்தக் காசையும் இனிமேல் விரலில் பிடித்து வேலை செய்யமாட்டேன்.

ஏழாம் எண் இன்னும் உறையில் இருக்கிறது. நான்கு முத்திரைகள் டார்ச் வெளிச்சத்தில் தெரிகின்றன. ஐந்தாவது அதே சாம்பல் படலத்தின் அடியில். ஹைப்போவும் மீதி இருக்கிறது, முள்ளும் இருக்கிறது. ஆனால் விளிம்பில், ஆறு கரச் சின்னத்துக்குக் கீழே, ஒரு கோடு தெரிகிறது. விரிசலா, உளியின் தடமா என்று நேற்று இரவு லென்ஸில் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை.